அமெரிக்காவின் கடன் உச்சவரம்பு: இரண்டு கட்சிகளும் ஏன் திரும்பத் திரும்ப இதில் மோதுகின்றன?

அமெரிக்க அரசியல் செய்திகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு செய்தி குழப்பிவிடும். அமெரிக்க அரசின் கையில் பணம் தீரப்போகிறது, கடன் உச்சவரம்பை உயர்த்துவதில் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இடையே இழுபறி என்று வரும். உலகின் மிகப் பெரிய பொருளாதாரம், உலகமே வாங்கிவைக்கும் டாலரின் சொந்தக்கார நாடு, அதற்கு எப்படிப் பணம் தீரும்? இதற்கான பதில் பொருளாதாரத்தில் பாதியும் அரசியலில் பாதியும் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் அந்நாட்டின் இரு கட்சி அரசியல் எப்படி நகர்கிறது என்பதும் ஓரளவு பிடிபடும்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது நாடாளுமன்றம். 435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 உறுப்பினர்கள் கொண்ட செனட் என அதற்கு இரண்டு அவைகள். எதற்கு எவ்வளவு செலவு செய்யலாம், யாரிடம் எவ்வளவு வரி வாங்கலாம் என்று சட்டம் இயற்றுவது காங்கிரஸ்தான். வரவைவிடச் செலவு அதிகமானால் கருவூலத் துறை கடன் பத்திரங்களை விற்று மீதியைச் சமாளிக்கிறது. 2024 நிதியாண்டில் மட்டும் இந்தப் பற்றாக்குறை சுமார் 1.8 லட்சம் கோடி டாலர். அமெரிக்கர்கள் ஒரு டிரில்லியன் என்று சொல்வது நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி.

இதுவரை எந்த நாட்டிலும் நடப்பதுதான். அமெரிக்காவில் இதற்கு மேல் தனியாக இன்னொரு சட்டம் உண்டு. அரசின் மொத்தக் கடன் இந்தத் தொகையைத் தாண்டக்கூடாது என்று டாலர் கணக்கில் ஓர் எண்ணை அது குறித்துவைத்திருக்கிறது. அதுதான் கடன் உச்சவரம்பு. கடன் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால், காங்கிரஸ் மறுபடி கூடி எண்ணை உயர்த்தும்வரை கருவூலத் துறையால் புதிதாகக் கடன் வாங்க முடியாது.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். உச்சவரம்பை உயர்த்துவது புதுச் செலவுக்கு அனுமதி கொடுப்பது ஆகாது. ராணுவத்துக்கு இவ்வளவு, முதியோர் ஓய்வூதியத்துக்கு இவ்வளவு, வரிச் சலுகை இவ்வளவு என்று காங்கிரஸ் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. பற்றாக்குறை வரும் என்பதும் அந்த முடிவிலேயே அடங்கியிருக்கிறது. ஹோட்டலில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டு, பில் வந்த பிறகு பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று கல்லா முன்னால் நின்று விவாதிப்பதற்குச் சமம் இது. குறைவாகச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதுதான். அதை இலை போடும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் எப்படி வந்தது? முதல் உலகப் போருக்கு முன்பெல்லாம் அரசு கடன் வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு கடனுக்கும் காங்கிரஸ் தனித்தனியாக அனுமதி கொடுத்தது. பனாமா கால்வாய் வெட்டுவதற்கான பத்திரங்களுக்குக்கூட அப்படித்தான். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அது கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு முறையும் எங்களிடம் வராதீர்கள், இந்த வரம்புக்குள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கருவூலத் துறைக்குச் சற்றுச் சுதந்திரம் கொடுத்தார்கள். 1939-இல் பலவகைக் கடன்களையும் ஒன்றாகச் சேர்த்து 4,500 கோடி டாலர் என்று ஒரே வரம்பாக்கினார்கள். அரசின் வேலையை எளிதாக்கத்தான் இது பிறந்தது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மிரட்டும் கருவியாக மாறியது.

கடன் வரம்பைத் தொட்ட அன்றே வானம் இடிந்து விழுந்துவிடாது. கருவூலத் துறை சில கணக்கு வழிகளில் கொஞ்ச காலம் ஓட்டும். மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் புதிதாகப் போட வேண்டிய முதலீட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது அவற்றில் ஒன்று. பிறகு வட்டியோடு திருப்பி வைத்துவிட வேண்டும் என்பது சட்டம், அதனால் ஊழியர்களுக்கு நஷ்டம் இல்லை. இந்த வழிகளும் தீர்ந்து, கையிருப்பும் தீர்ந்துபோகும் நாளைத்தான் அங்கே எக்ஸ் நாள் என்கிறார்கள். வரிப்பணம் எந்த வாரம் எவ்வளவு வரும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆகவே அந்த நாளும் நகர்ந்துகொண்டே இருக்கும். 2023-இல் கருவூலச் செயலர் ஜேனட் யெல்லன் முதலில் ஜூன் 1 என்றார், பிறகு ஜூன் 5 என்று திருத்தினார்.

எக்ஸ் நாளைத் தாண்டினால் என்ன ஆகும்? வரும் வரிப்பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓய்வூதியம், ராணுவச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, கடனுக்கான வட்டி எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. எதையாவது நிறுத்த வேண்டும். வட்டியை நிறுத்தினால் அமெரிக்கா கடனைத் திருப்பித் தராத நாடு என்றாகிவிடும். உலகின் வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் மத்திய வங்கிகளும் ஆபத்தே இல்லாத முதலீடு என்று நம்பி வைத்திருப்பது அமெரிக்கக் கடன் பத்திரங்களைத்தான். நம் ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலும் அவை கணிசமாக உண்டு. அமெரிக்காவில் வீட்டுக்கடன் வட்டிகூட அரசின் பத்தாண்டுப் பத்திர வட்டியை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. அடித்தளமே ஆட்டம் கண்டால் மேலே என்னென்ன சரியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் கவலையும் அதுதான்.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசு முடக்கம் என்று அடிக்கடி செய்தி வருமே, அது வேறு. அக்டோபர் 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாவிட்டால் பல அலுவலகங்கள் மூடப்படும், ஊழியர்கள் சம்பளமில்லாமல் காத்திருப்பார்கள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அப்படி ஒன்று 43 நாட்கள் நீடித்தது. முடக்கத்தின்போதும் கடனுக்கான வட்டி தவறாமல் போய்க்கொண்டிருக்கும். மக்களுக்கு அது பெரிய கஷ்டம்தான், ஆனாலும் பல தடவை நடந்து, பிறகு சரியாகியிருக்கிறது. உச்சவரம்பு அளவுக்கு ஆபத்தானது அல்ல.

2011: கத்தி முனையில் ஓர் ஒப்பந்தம்

இன்றைக்கு நடப்பதைப் புரிந்துகொள்ள 2011-ஐக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வரி வருவாய் விழுந்தது, செலவு ஏறியது, பற்றாக்குறை ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. இதைக் கண்டித்து எழுந்த டீ பார்ட்டி இயக்கத்தின் அலையில், 2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்துப் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. புதிதாக வந்தவர்களில் பலர், அரசின் கடனை நிறுத்துவோம் என்று சொல்லியே வென்றவர்கள். வெள்ளை மாளிகையில் ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா, சபாநாயகர் இருக்கையில் ஜான் பேனர். அங்கே சபாநாயகர் என்பவர் நம் ஊர்போல நடுநிலை வகிப்பவர் அல்ல. சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அவர்தான்.

உச்சவரம்பை உயர்த்த வேண்டுமென்றால் அதே அளவுக்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேனர் நிபந்தனை வைத்தார். ஒபாமாவும் அவரும் தனியாக உட்கார்ந்து பெரிய ஒப்பந்தம் ஒன்றுக்கு முயன்றார்கள். செலவைக் குறைப்பதோடு வரி வருவாயையும் கூட்டுவது அதன் சாரம். இருவருக்கும் அதில் உண்மையான விருப்பம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வரியை உயர்த்த பேனரின் ஆட்கள் சம்மதிக்கவில்லை, முதியோர் நலத்திட்டங்களில் கைவைக்க ஒபாமாவின் ஆட்கள் சம்மதிக்கவில்லை. அது உடைந்தது. கடைசியில் துணை அதிபர் ஜோ பைடனும் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானலும் பேசி முடித்த சிறிய ஒப்பந்தம், கெடு நாளான ஆகஸ்ட் 2 அன்று சட்டமானது. பிரதிநிதிகள் சபையில் 269-க்கு 161, செனட்டில் 74-க்கு 26. இரண்டு கட்சிகளின் வாக்கும் சேர்ந்துதான் அது தேறியது.

கெடுவுக்குள் முடித்தும் அடி விழுந்தது. ஆகஸ்ட் 5 அன்று, நாடுகளின் கடன் நம்பகத்தன்மையை மதிப்பிடும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரத்தை, வரலாற்றில் முதல்முறையாக, மிக உயர்ந்த ஏஏஏ நிலையிலிருந்து ஒரு படி கீழே இறக்கியது. அதற்கு அது சொன்ன காரணங்களில் முக்கியமானது அரசியல். அடுத்த வேலைநாளில் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 634 புள்ளிகள் சரிந்தது. உச்சவரம்பு இழுபறியால் அந்த நிதியாண்டில் மட்டும் அரசுக்குக் கூடுதல் கடன் செலவு சுமார் 130 கோடி டாலர் என்று காங்கிரஸின் தணிக்கை அமைப்பு பின்னர் மதிப்பிட்டது. கடனைக் குறைக்கத் தொடங்கிய சண்டை கடனுக்கான செலவைக் கூட்டியது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 சட்டம் செலவுகளுக்கு உண்மையாகவே கட்டுப்பாடு விதித்தது, அடுத்த சில ஆண்டுகளில் பற்றாக்குறை குறையவும் அது உதவியது. இந்த நெருக்கடி இல்லாவிட்டால் வாஷிங்டனில் யாரும் கடனைப் பற்றிப் பேசவே மாட்டார்கள் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. என்னால் ஏற்க முடியாதது, அதற்கு அவர்கள் பணயம் வைக்கும் பொருள்தான்.

இடம் மாறினால் பேச்சும் மாறும்

உச்சவரம்பை உயர்த்துவதை எதிர்ப்பது ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமான பழக்கம் இல்லை. 2006 மார்ச்சில் ஜார்ஜ் புஷ் ஆட்சியில் வரம்பை உயர்த்தும் தீர்மானம் செனட்டுக்கு வந்தபோது, ஜனநாயகக் கட்சியினர் ஒருவர் விடாமல் எதிர்த்து வாக்களித்தார்கள். 52-க்கு 48 என்று மயிரிழையில் தேறியது. எதிர்த்தவர்களில் ஒருவர், அப்போது இல்லினாய் மாநிலத்தின் செனட்டராக இருந்த ஒபாமா. வரம்பை உயர்த்த வேண்டிய நிலை வந்ததே தலைமையின் தோல்வி என்று அவையில் பேசினார். அதிபரான பிறகு, அந்த வாக்கு தவறு என்று ஒப்புக்கொண்டார்.

எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். ஒபாமா ஆட்சியில் கடுமையாக நின்ற குடியரசுக் கட்சி, டொனால்ட் ட்ரம்பின் முதல் ஆட்சியில் 2017, 2018, 2019 என்று மூன்று முறை அதிக ஆர்ப்பாட்டம் இல்லாமல் வரம்பை நிறுத்திவைக்க, அதாவது ஒரு குறிப்பிட்ட நாள்வரை வரம்பே இல்லாமல் விட, ஒத்துக்கொண்டது. பைடன் வந்ததும் மறுபடி கடுமையானது. 1960-க்குப் பிறகு 78 முறை வரம்பை உயர்த்தியோ நீட்டித்தோ மாற்றியோ இருக்கிறார்கள் என்று கருவூலத் துறை ஒரு கணக்கு கொடுத்தது. அதில் 49 குடியரசுக் கட்சி அதிபர்களின் காலத்தில், 29 ஜனநாயகக் கட்சி அதிபர்களின் காலத்தில்.

கடன் வளர்ந்த கதையிலும் இருவருக்கும் பங்கு உண்டு. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் அமெரிக்க அரசின் கணக்கில் உபரி இருந்தது. அப்புறம் 2001, 2003 வரிக்குறைப்புகள், ஆப்கானிஸ்தான், ஈராக் போர்கள், 2008 நெருக்கடி, 2017 வரிக்குறைப்பு, கொரோனாக் கால நிவாரணங்கள் என்று ஒவ்வொன்றும் கடனை ஏற்றியது. இவற்றுக்கெல்லாம் அடியில், மக்கள்தொகையில் முதியோர் கூடக்கூட ஓய்வூதியமும் முதியோர் மருத்துவக் காப்பீடும் தானாகவே வளர்கின்றன. 2024 நிதியாண்டில் வட்டிக்கு மட்டும் சுமார் 88,000 கோடி டாலர் போனது, ராணுவச் செலவைவிட அதிகம். இதில் எதையுமே உச்சவரம்பு தடுக்கவில்லை. தடுக்கவும் அதனால் முடியாது. இந்த முடிவுகள் எல்லாம் வேறு சட்டங்களில், வேறு நாட்களில் எடுக்கப்பட்டவை.

அறுபது வாக்கு என்னும் சுவர்

சரி, ஆளுங்கட்சியே தன் வாக்கில் உயர்த்திவிட்டுப் போகலாமே என்று தோன்றும். பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே, 100-இல் 60 பேர் சம்மதம் வேண்டும். எந்தக் கட்சிக்கும் 60 இடங்கள் கிடைப்பது அபூர்வம். ஆகவே எதிர்க்கட்சியில் சிலரையாவது கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இரு கட்சி ஒத்துழைப்பு என்று எல்லோரும் பெருமையாகப் பேசுவது பெரும்பாலும் இந்தக் கணக்கின் கட்டாயத்தால் வருவது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வரவு செலவோடு நேரடியாகத் தொடர்புள்ள மசோதாவைச் சமரச நடைமுறை என்ற தனி வழியில் கொண்டுவந்தால் 51 வாக்கே போதும். 2025-இல் ட்ரம்ப் அரசு அதைத்தான் செய்தது. ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்துக்குள்ளேயே உச்சவரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தி 41.1 லட்சம் கோடி ஆக்கிவிட்டார்கள். செனட்டில் 50-க்கு 50 என்று சமமாக நின்று, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் தேறியது. குடியரசுக் கட்சியின் ராண்ட் பால், வரம்பை இவ்வளவு உயர்த்துவதா என்று சொல்லித் தன் கட்சி மசோதாவையே எதிர்த்தார். ஆட்சி யாருடையது என்று பார்க்காமல் ஒரே நிலையில் நிற்கிற சிலரில் அவர் ஒருவர். அவரோடு உடன்படாவிட்டாலும் அதை மதிக்கிறேன்.

இரு கட்சியும் சேர்ந்து முடித்ததற்குச் சமீபத்திய பெரிய உதாரணம் 2023. அந்த ஜனவரியில் 15-ஆவது சுற்று வாக்கெடுப்பில்தான் கெவின் மெக்கார்த்தி சபாநாயகராக முடிந்தது. சொந்தக் கட்சியின் கடும்போக்காளர்களுக்குப் பல வாக்குறுதிகள் கொடுத்தே அந்த இருக்கையைப் பிடித்தார். சில நாட்களில் கடன் 31.4 லட்சம் கோடி வரம்பைத் தொட்டது. நிபந்தனையே இல்லாமல் உயர்த்துங்கள் என்றார் பைடன், செலவைக் குறைக்காமல் முடியாது என்றார் மெக்கார்த்தி. மே மாத இறுதியில் இருவரும் இறங்கிவந்தார்கள். ராணுவம் சாராத சில செலவுகளுக்கு இரண்டு ஆண்டு வரம்பு, உணவு உதவி பெறுவோரில் 54 வயது வரையுள்ள சிலருக்கு வேலை நிபந்தனை, செலவாகாத கொரோனா நிதியைத் திரும்பப் பெறுவது ஆகியவை மெக்கார்த்திக்குக் கிடைத்தன. பைடனுக்கு 2025 ஜனவரி 1 வரை உச்சவரம்பே இல்லை, அதாவது அடுத்த அதிபர் தேர்தல் முடியும்வரை நிம்மதி.

சபையில் 314-க்கு 117 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 149 பேர் குடியரசுக் கட்சி, 165 பேர் ஜனநாயகக் கட்சி. சபாநாயகரின் சொந்தக் கட்சியைவிட எதிர்க்கட்சி அதிக வாக்கு கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். அந்த ஒப்பந்தத்தை மெக்கார்த்தியின் கட்சிக்குள்ளே ஒரு சிறு குழு மன்னிக்கவேயில்லை. செப்டம்பர் கடைசியில் அரசு முடங்காமல் இருக்க அவர் மறுபடி ஜனநாயகக் கட்சியின் வாக்குகளை வாங்கியதும், அக்டோபர் 3 அன்று அவருடைய கட்சியைச் சேர்ந்த 8 பேர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சபை ஒன்று வாக்கெடுப்பின் மூலம் சபாநாயகரை நீக்கியது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை.

அமெரிக்கத் தலைமையின் சங்கடம் முழுவதும் இதில் இருக்கிறது. எதிர்க்கட்சியோடு கைகுலுக்காமல் நாட்டை நடத்த முடியாது. கைகுலுக்கினால் சொந்தக் கட்சியில் நாற்காலி ஆடும். பல தொகுதிகளில் எதிர்க்கட்சிக்கு வெற்றி வாய்ப்பே கிடையாது. அங்கே ஓர் உறுப்பினர் பயப்படுவது பொதுத்தேர்தலுக்கு அல்ல, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்குத்தான். சமரசம் செய்தவரைத் தண்டிப்பது அந்தத் தேர்தல்தான்.

எடுத்துவிட முடியாதா?

உச்சவரம்பையே ஒழித்துவிடலாம் என்று சொல்பவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. 2025 ஜூனில் ட்ரம்ப், ஜனநாயகக் கட்சியின் எலிசபெத் வாரனோடு இந்த ஒரு விஷயத்தில் உடன்படுகிறேன், இதை முழுவதுமாக நீக்க வேண்டும் என்று சமூக ஊடகத்தில் எழுதினார். வேறு எதிலும் சேராத இருவர் அவர்கள். ஆனாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கையில் கிடைக்கும் வலுவான ஆயுதத்தை நிரந்தரமாகக் கீழே போட யாருக்கும் மனம் வரவில்லை.

அமெரிக்க அரசின் கடன் செல்லுபடியாவதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று 1868-இல் வந்த 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆகவே உச்சவரம்பே செல்லாது என்று அதிபர் அறிவித்துவிடலாம் என்று சில சட்ட அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எந்த அதிபரும் துணியவில்லை. பெருமதிப்புள்ள ஒரு பிளாட்டினம் நாணயத்தை அச்சடித்து மத்திய வங்கியில் போடலாம் என்ற யோசனையும் உண்டு. அதை யெல்லன் நிராகரித்தார்.

எனக்கு நியாயமாகப் படுவது, அவர்களே ஏற்கெனவே செய்து பார்த்த ஒரு வழி. பட்ஜெட் தீர்மானத்தை நிறைவேற்றும்போதே அதற்குத் தேவையான அளவு உச்சவரம்பை உயர்த்தும் மசோதாவும் தன் அவையில் தானாக நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்று 1979-இல் பிரதிநிதிகள் சபை ஒரு விதி கொண்டுவந்தது. அந்தந்தக் காலத்தின் பெரும்பான்மைக் கட்சியைப் பொறுத்து அந்த விதி பலமுறை எடுக்கப்பட்டும் மறுபடி சேர்க்கப்பட்டும் வந்திருக்கிறது. செலவைக் குறைக்க விரும்புகிறவர் அதைப் பட்ஜெட் விவாதத்தில் முழு மூச்சாகச் சண்டை போட்டுக் குறைக்கட்டும், வரியைக் கூட்ட விரும்புகிறவரும் அங்கேயே வாதாடட்டும். டென்மார்க்கிலும் கடன் வரம்பு இருக்கிறது. தொட முடியாத உயரத்தில் வைத்திருப்பதால் அங்கே அது செய்தியாவதே இல்லை.

கடன் தரத்தை மதிப்பிடும் மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் இப்போது முதலிடத்தைப் பறித்துவிட்டன. ஃபிட்ச் 2023 ஆகஸ்ட்டிலும் மூடிஸ் 2025 மே மாதத்திலும் அமெரிக்காவின் தரத்தை ஒரு படி இறக்கின. கடன் 2024 நவம்பரில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது, 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடியைத் தாண்டியது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் கோடி என்ற இந்த வேகம் நீடித்தால், 41.1 லட்சம் கோடி என்ற வரம்பு 2027-இல் நெருங்கிவிடும். அதற்கு முன்னால் 2026 நவம்பரில், அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நடக்கும் இடைக்காலத் தேர்தல் வருகிறது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் வாக்குப்பதிவு நடக்கும். அடுத்த முறை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிபந்தனை போடப்போவது எந்தக் கட்சி என்பதை அந்தத் தேர்தல்தான் முடிவு செய்யும்.